அஸ்லாமின் புராசஸர்

பாச்சாங்கில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்றைக்கென்று பார்த்து மீரா சாஹிப் ஜவுளிக் கடைக்கு நேர் எதிரிலேயே ஓர் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, இடமில்லை என்று போன் போட்டுச் சொல்லிப் புக்கிட் பெருவாங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பினாங்கிலிருந்து வரும் வழியெல்லாம் திவாகர் ஒரு நப்பாசை வைத்திருந்தான். அதில் மண் விழுந்தது. சமிக்ஞை விளக்கைப் போட்டு, காரை உள்ளே விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவன் சொல்லிவிடத்தான் வந்திருந்தான். இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்ததை இன்றைக்கு அஸ்லாமிடம் சொல்லிவிடுவது, அவன் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு. வழியில் நெடுஞ்சாலையோரத் தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடிக்கும்போது எப்படி ஆரம்பிப்பது என்றுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர், ஆளுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருக்க வேண்டும், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வரச் சொன்னது அஸ்லாம்தான். போன வாரம் தன் தங்கை ஹிதாயாவுக்காகப் போனில் கூப்பிட்டான்.

"டேய், ஹிதாயா போட்டிக்குப் போறாடா. நம்ம போனோமே, அதே ஆயர் குரோ போட்டி. ஒரே மாதிரி ரெண்டு புராசஸர் வச்சுக்கிட்டு எதைக் கொண்டுபோறதுன்னு முழிக்கிறா. நீ வந்து பார்த்துச் சொல்லு லா. உன் வேலையே அதுதானே?"

அதுதான் அவன் வேலை. பினாங்கில் கம்ப்யூட்டர் மதர்போர்ட் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனைக் கூடத்தில் காலை முதல் மாலை வரை, கம்ப்யூட்டருக்கு மூளையான புராசஸர்களை ஓட்டிப் பார்ப்பது. அந்த வேலைக்கு அஸ்லாம் போயிருக்க வேண்டும் என்பது திவாகர் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும் கழுத்தில் அளவு நாடாவோடு அஸ்லாம் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். வயிறு முன்னால் வந்து இடித்தது. தாடியில் நரைகூட எட்டிப் பார்த்தது. கல்லாவுக்குப் பின்னால் அவனுடைய அத்தா மீரா சாஹிப் உட்கார்ந்திருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை மடியில் கிடந்தது. ஒரு காலத்தில் அந்தக் கை முழம் போடுவதைப் பார்க்கவே பெண்கள் இரண்டு கெஜம் கூடுதலாக வாங்குவார்கள்.

"தீவா," என்றார் கிழவர். நாக்கு குழறியது, ஆனால் சிரிப்பு குழறவில்லை. அஸ்லாம் குனிந்து அவர் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேலே வந்திருந்த சட்டைக் காலரைச் சரி செய்தான். கடையில் நின்றிருந்த ஒரு பெண்மணி சீலை விலை கேட்டதற்கு, துடைத்தபடியே திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னான். அவ்வளவு பழகிப்போயிருந்தது.

திவாகர் பார்வையைத் துணி அடுக்குகள் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நடந்தது இதுதான். கம்பெனிக்காரன் ஒரு புராசஸரின் மேல் இவ்வளவு வேகம் என்று எழுதி விற்பான். அதோடு விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் சிலருக்கு அது போதாது. இன்னும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்து, தண்ணீர்க் குழாய் வைத்துக் குளிரப்படுத்தி, எழுதியதற்கு மேல் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்தால்தான் தூக்கம் வரும். அதற்குப் பேர் ஓவர்கிளாக். அதனால் வீட்டுக்கு என்ன லாபம் என்று திவாகரின் அம்மா குஞ்சம்மா கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியாது. டுரியான் துங்கால் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட்டை விற்றதும் புக்கிட் பெருவாங் அடுக்குமாடிக்கு வந்து, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது ஒன்றுதான் பைத்தியம். ஜவுளிக்கடை முதலாளி மகன் அஸ்லாமுக்கும் அதே பைத்தியம். பள்ளிக்கூடத்திலேயே தொற்றிக்கொண்டது.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பெயர், ஒரே எண், ஒரே விலை போட்ட இரண்டு புராசஸர்கள் ஒன்று போல ஓடுவதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தன் வெயில் தாங்குவான், ஒருத்தன் தாங்கமாட்டான் என்பது போலத்தான். எது தாங்கும் என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆயர் குரோவில் நடந்த அந்த ஓவர்கிளாக் போட்டிக்காக இருவரும் கோலாலம்பூர் போய் ஆளுக்கொன்றாக ஒரே வகைப் புராசஸர் இரண்டு வாங்கினார்கள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"நீ முதல்ல எடுடா," என்றான் அஸ்லாம்.

திவாகர் இடப் பக்கத்துப் பெட்டியை எடுத்தான். தூக்கிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. அதை வைத்துவிட்டு வலப் பக்கத்தை எடுத்துக்கொண்டான். அவன் வைத்ததை அஸ்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "வா, பசிக்குது," என்றான். அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது.

ஒரு குழுவிலிருந்து ஒரு புராசஸர்தான், ஒரு பெயர்தான் என்பது போட்டி விதி. நாற்காலியில் ஒருவன் உட்கார்வான். மற்றவன் பின்னால் நின்று குழாயையும் ஒயரையும் பார்த்துக்கொள்ளலாம். மாநிலத்தில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் கோலாலம்பூர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். இறுதிக்கு வருகிறவர்களை அந்தப் பினாங்கு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டுப் பார்க்கும். அதனால் எவன் புராசஸர் நன்றாக ஓடுகிறதோ அவன் உட்கார்வது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அஸ்லாமுக்கு அதில் இன்னொன்றும் இருந்தது. மீரா சாஹிப் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். இறுதிச் சுற்றுக்குப் போனால் பினாங்குக்குப் போய்க்கொள், தடுக்கமாட்டேன். போகாவிட்டால் மரியாதையாகக் கடையில் வந்து உட்கார். அஸ்லாமுக்குக் கடை என்றாலே வேப்பங்காய். துணி வாசனையே தலைவலி தருகிறது என்பான். அந்த வாரம் முழுக்க, "இது போச்சுன்னா நான் கல்லாவுலேயே செத்துருவேன்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தான். திவாகர் காதால் கேட்டான். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வழியே இல்லை.

கடைக்கு மேல் மாடியில் துணிக் கட்டுகள் அடுக்கிய அறையில், ஒரு மூலையில் அவர்களுடைய மேசை. துணிக்குப் பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று மீரா சாஹிப் அங்கே ஏர்கான் போட்டிருந்தார். அறை குளிர்ந்தால் புராசஸரும் அதிகம் தாங்கும், அதனால்தான் அந்த இடம் அவர்களுக்கு வசதி. அன்று வெள்ளிக்கிழமை. காலையில் திவாகருடைய புராசஸரை ஓட்டினார்கள். ஓர் அளவு வரை நின்றது. அதற்கு மேல் ஒரு படி ஏற்றியதும் திரை நீலமாகிப் படுத்துவிட்டது. எத்தனை தடவை ஏற்றினாலும் அங்கேயே படுத்தது.

பிறகு அஸ்லாமின் முறை. அவன் தொழுகைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"நேரா ஒரு படி மேலேயே வைக்கிறேன். ஒரே தடவை. நான் வர்ற வரைக்கும் நின்னா என்னுது, விழுந்தா உன்னுது. திரும்பத் திரும்ப ஓட்டிச் சண்டை போட வேணாம், சரியா?" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். படியில் பாதி இறங்கியவன் திரும்பி, "பார்த்துக்கோடா. உன்கிட்ட அமானிதம்," என்றான். நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மீரா சாஹிப் கடையில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. கதவை இழுத்துப் பூட்டுவதற்கு முன்னால் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஏர்கான் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போவார். மாடி ஏர்கானும் அதே சுவிட்சில்தான். இது திவாகருக்கும் தெரியும். முந்தைய வெள்ளிக்கிழமைகளில் அப்படி நின்றபோதெல்லாம் அவனே உள்படி வழியாக இறங்கிப் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் அணைத்து வைத்திருக்கிறான். மீரா சாஹிப் மாமா கண்டுபிடித்தால் திட்டுவாரே என்று அதில் ஒரு குறும்பு.

அன்றைக்கும் ஏர்கான் நின்றது. அஸ்லாமின் புராசஸர் அதுவரை அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. திவாகருடையது படுத்த இடத்தைத் தாண்டி, ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. திவாகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்திருக்கத்தான் தள்ளினான். எழுந்திருக்கவில்லை.

அவனுக்கென்ன, கடை இருக்கிறது என்று தோன்றியது. எனக்கு என்ன இருக்கிறது? இந்த ஒரு எண்ணம்தான். இதைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். தகர ஓட்டுக்குக் கீழே அறை மெதுவாகக் கொதித்தது. துணிக் கட்டுகளிலிருந்து புழுங்கல் வாசனை வந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் திரை நீலமாயிற்று.

மீரா சாஹிப் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டார். அஸ்லாம் கீழே சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வருவதற்குள் அறை பழையபடி குளிர்ந்துவிட்டது.

"என்னடா?"

"விழுந்துருச்சு."

அது பொய்யில்லை. அதுதான் அதில் மகா கொடுமை. அஸ்லாம் கொஞ்ச நேரம் நீலத் திரையைப் பார்த்தான். எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் திவாகர் உடைந்திருப்பான். கேட்கவில்லை. "சரி, உன் பேரைக் கொடுத்துருவோம்," என்று சொல்லிவிட்டுத் தோளில் தட்டினான். தட்டிய கையை எடுத்துப் பார்த்து, "ஏன்டா சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?" என்றான்.

"கீழ போய் மூஞ்சி கழுவினேன்."

ஆயர் குரோவில் திவாகர் நாற்காலியில் உட்கார்ந்தான். அஸ்லாம் பின்னால் நின்று குழாயைப் பிடித்தான். இரண்டாவது இடம் கிடைத்தது. பெயரைக் கூப்பிட்டபோது அஸ்லாம்தான் முதலில் கத்தினான். கோலாலம்பூரில் திவாகர் ஒன்றும் கிழிக்கவில்லை, ஆனால் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதமே அஸ்லாம் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டான்.

பினாங்கு சோதனைக் கூடத்தில் முதல் நாள் திவாகருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எதை ஓட்டுவதற்கு முன்னாலும் அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது. இரண்டு புராசஸர்களை வேறு வேறு சூட்டில் ஓட்டி ஒப்பிடுவது சோதனையே இல்லை என்றார் மேலாளர். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் செய்யும் முதல் காரியம் அதுதான். தினமும் காலையில் ஒரு தடவை செருப்படி.

இதையெல்லாம் சொல்லத்தான் இப்போது வந்திருந்தான். அஸ்லாம் அவனைக் கடையின் பின்பக்கம் கூட்டிப் போய்ப் பால் விடாத தேநீர், தே ஓ கலந்தான். அங்கிருந்து பார்த்தால் கல்லாவில் கிழவரின் முதுகு தெரியும். இதுதான் நேரம் என்று திவாகர் வாயைத் திறந்தான்.

"அஸ்லாம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அந்தப் போட்டி சமயத்துல…"

"அதை ஏன்டா கேக்குறே," என்று அஸ்லாம் சிரித்தான். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. "ஹிதாயா போறதுலருந்து எனக்கும் அதே நினைப்புதான். ஒண்ணு சொல்றேன் கேளு. அத்தாவைக் காலையில குளிப்பாட்டி, சட்டை போட்டு, இங்க உட்கார வைக்கிறது நான்தான். ராத்திரி தூக்கிட்டுப் போறதும் நான்தான். அன்னிக்கு அவரு என்னைக் கட்டாயப்படுத்திக் கடையில உட்கார வச்சிருந்தாருன்னு வையி, இன்னிக்கு அவரைத் தொட எனக்கு மனசு வந்திருக்காதுடா. சத்தியமா. இவராலதான் என் வாழ்க்கை போச்சுன்னு நெனச்சிருப்பேன்."

கரண்டியால் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"ஆனா யார் மேலயும் தப்பில்ல லா. ஒரு சான்ஸ் இருந்துச்சு. ஓட்டிப் பார்த்தோம். என்னுது நிக்கல. அவ்வளவுதான், நஸீபு, தலையெழுத்து. நீயும் உள்ளதை உள்ளபடி சொன்னே. வேற எவனா இருந்தாலும் எனக்காகப் பாவப்பட்டு, இன்னொரு தடவை ஓட்டிப் பாருன்னு ஆசை காட்டியிருப்பான். நான் இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு வெந்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப பாரு, எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ என்ன சொல்ல வந்தே?"

திவாகர் கிழவரின் முதுகைப் பார்த்தான். சுவிட்சை இறக்கிய கை, இப்போது மடியில் கிடக்கும் அந்த வலது கைதான். இப்போது வாயைத் திறந்தால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் எழுந்து போகவில்லை என்று சொன்னால், அணைத்தது யார் என்ற கேள்வி தானாக வரும். தினமும் கழுவித் துடைத்து விடும் கையை அஸ்லாம் இனி எப்படிப் பார்ப்பான்? தாப்பாவில் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை அவன் மறுபடி விழுங்கிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லடா. அந்த நாளெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

"நல்லா இருந்துச்சு லா," என்று அஸ்லாம் கிளாஸை நீட்டினான்.

மாடியில் ஹிதாயா காத்திருந்தாள். அந்த நாளில் பள்ளிக்கூடப் பாவாடையோடு பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவள், இப்போது டுரியான் துங்கால் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அதே மேசை. போட்டிக் காலத்து அதே பழைய மதர்போர்டுகூட ஓரத்தில் இருந்தது. புதிய போர்டுக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய பெட்டிகள், ஒரே நிறம், ஒரே எண்.

"வாங்க அண்ணே. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் நிக்குது. இது கம்மி கரண்டுலயே ஓடுது, ஆனா மேல போக மாட்டேங்குது. அது மேல போகுது, ஆனா கண்ணாபின்னான்னு சூடாகுது. எனக்கு மண்டை காயுது," என்றாள்.

திவாகர் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. போட்டி மண்டபத்தில் எவ்வளவு குளிராக இருக்கும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும், தண்ணீர்க் குழாயா காற்றாடியா என்று கேட்டான். அவள் டக்டக்கென்று பதில் சொன்னாள். பெண்ணுக்கு நல்ல மூளை. அண்ணனுக்கு இருந்த அதே பொறுமை. மண்டபம் குளிர் என்றால் சூடாகிறதையே கொண்டுபோகலாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அஸ்லாம் ஒரு தட்டில் வடையோடு மேலே வந்து, துணிக் கட்டு ஒன்றில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"இன்னொன்னு அண்ணே," என்றாள் ஹிதாயா. கூடப் பிறந்த அஸ்லாமை அவள் நானா என்பாள், திவாகரை அண்ணே. "கடைக் கம்ப்யூட்டரை அன்னிக்குச் சுத்தம் பண்ணேன். அதுல நானாவோட பழைய புராசஸர்தானே இருக்கு? சும்மா ஒரு ஆசைக்கு அதைக் கழட்டி, உங்க பழைய போர்டுலயே போட்டு ஓட்டிப் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் அதுல சேமிச்சு வச்ச அதே அளவு. சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. விழவே இல்ல. அன்னிக்கு மட்டும் எப்படி விழுந்துச்சு?"

அஸ்லாம் தட்டைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நம்பியவனைப் பார்க்கும் முகம்தான், ஆனால் அதில் என்னவோ ஒன்று அசைந்தது. அவன் தங்கையைப் பார்க்கவில்லை, திவாகரைத்தான் பார்த்தான்.

"நின்னுச்சா?" என்றான் அஸ்லாம். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "அதே அளவுலயா?"

அப்போது திவாகர் சொன்னான்: "பயாஸ் மாறியிருக்கும்டா. அப்ப அந்த போர்டை ஓட்டுன சாப்ட்வேர் ரொம்பப் பழைய பயாஸ். அதுக்கப்புறம் கம்பெனி நாலஞ்சு தடவை திருத்தி விட்டுச்சு. புது பயாஸ் போட்டா பழைய சிப்பு கொஞ்சம் கூடுதலா ஓடும். எங்க லேப்ல தினமும் பார்க்கிறோமே. அன்னிக்கு இருந்ததுல அது நின்னிருக்காது."

அவன் வாழ்க்கையில் அஸ்லாமிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது. எவ்வளவு சரளமாக வந்தது என்று அவனே அதிர்ந்துபோனான்.

அஸ்லாம் மூச்சை விட்டான். "அதானே பார்த்தேன்," என்றான். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் பயந்துட்டேன்டா. சாப்பிடுங்க. உம்மா நெய்ச்சோறு வச்சிருக்காங்க, தாளிச்சாவும் இருக்கு. அத்தாவுக்கு மாத்திரை கொடுத்துட்டு நான் கூப்பிடுறேன்." படியிறங்கிப் போனான்.

ஹிதாயா அண்ணனின் காலடிச் சத்தம் கீழே முடியும் வரை காத்திருந்தாள்.

"அண்ணே, அந்த போர்டுல பயாஸை யாரும் மாத்தவே இல்ல," என்றாள். "ஓட்டுறதுக்கு முன்னாடி நான் பார்த்தேன். அப்ப இருந்ததேதான் இருக்கு."

திவாகர் மேசையைப் பார்த்தான்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் ஸ்கூல் விட்டு வந்தப்ப நானா தொழுதுட்டு வந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. வெள்ளிக்கிழமைன்னா அத்தா ஏர்கானை அடைச்சிட்டுத்தான் போவாங்க. இந்த அறை அப்ப எப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க யாருக்கும் தெரியாம சுவிட்சைப் போடுறதும் தெரியும்." ஏர்கானை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு நீங்க இறங்கிப் போய்ப் போடல."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அவன் மறுக்கலாம், இன்னொரு பொய் சொல்லலாம், பொய் இப்போது நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"போடல," என்றான்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று அவன் நம்பியிருந்தான். இறங்கவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொல்லாமல், ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லி அவள் தலையிலும் ஏற்றி வைத்தாயிற்று. அவளுடைய கண் நிறைந்துவிட்டது. தலைத்துணியின் ஓரத்தால் கோபமாகத் துடைத்துக்கொண்டாள்.

"கீழ அத்தா போட்டிருக்காங்களே ஸ்வெட்டர், அது நானா வாங்கினது. பினாங்கு லேப்ல குளிரும்னு முன்னாடியே வாங்கி வச்சிருந்தாங்க. ரொம்ப நாள் அலமாரியிலேயே கிடந்துச்சு. யாரையும் எடுக்க விட மாட்டாங்க. அத்தா படுத்தப்புறம்தான் எடுத்துப் போட்டு விட்டாங்க."

"ஹிதாயா, நான் இன்னிக்கு அவன்கிட்ட சொல்லத்தான்…"

"சொல்லாதீங்க," என்றாள் சட்டென்று. "இப்ப சொல்லி என்ன? உங்க மனசு லேசாகும். நானா இங்க தினமும் அத்தாவோட இருக்கணும். நான் உங்களுக்காகச் சொல்லல. நானாவுக்காகச் சொல்றேன்."

"சரிம்மா."

"அப்புறம், நீங்க இனிமே இங்க வராதீங்க அண்ணே."

அண்ணே என்றுதான் சொன்னாள். அதை விட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் இரண்டு பெட்டிகளையும் மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். எதைக் கொண்டுபோவது என்று அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"வேற யாரையாவது அனுப்பவாம்மா, பார்க்கிறதுக்கு? என் கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒருத்தி…"

"வேணாம். ரெண்டையும் நானே ஒரே மாதிரி வச்சு ஓட்டிப் பார்த்துக்கிறேன்."

கீழே இறங்கியபோது நெய்யும் பட்டையும் சேர்ந்த வாசனை படிவரை வந்திருந்தது. அஸ்லாமின் உம்மா நூர் பீவி பின்கட்டில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "வாப்பா தீவா, எளைச்சுப் போயிட்டியே," என்றார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடாமல் போனதே இல்லை. அவன் வருகிறான் என்றால் மாமி தாளிச்சாவில் மாங்காய் கூடப் போடுவார்.

"மாமி, இல்ல மாமி. அம்மா போன் பண்ணிட்டாங்க. அவசரமாப் போகணும்."

அஸ்லாம் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "டேய், என்ன விளையாடுறியா? அம்மாவுக்கும் சேர்த்துக் கட்டித் தர்றேன். உட்காரு லா."

"இல்லடா. இன்னொரு நாள்."

"எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கே. ஒரு வாய் சாப்பிட்டுப் போறதுக்கு என்ன?"

"அவசரம்டா. கோவிச்சுக்காதே."

அஸ்லாம் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றினான். கடையில் இருந்த பெண்மணிகூட துணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நூர் பீவி எடுத்து வைத்த தட்டை மெல்ல மறுபடி அடுக்கில் வைக்கும் சத்தம் கேட்டது. மாடிப்படியின் மேல் ஹிதாயா நின்றிருந்தாள். திவாகர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழவர் இடது கையை அவன் பக்கமாக நீட்டினார். அவன் அதைத் தொட்டுவிட்டு வாசலுக்கு வந்தான். அஸ்லாமும் பின்னாலேயே வந்தான்.

"புரிஞ்சு போச்சுடா," என்றான் அஸ்லாம். சிரிக்கத்தான் பார்த்தான். "பினாங்கு, பெரிய கம்பெனி, பெரிய காரு. எங்க வீட்டுச் சோறு இப்ப உனக்கு இறங்காது. தலைக்கனம் ஏறி சொம்போங் ஆயிட்டே."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, மாமி கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அந்த வார்த்தை பொய்யாகிப் போயிருக்கும். திவாகருக்கு அப்படிப் பசித்தது. ஆனால் அஸ்லாம் அவனை வெறுக்கக் கடைசியில் ஒரு காரணம் கிடைத்திருந்தது, அவனுக்கும் அத்தாவுக்கும் நடுவில் வராத காரணம். அதையும் பிடுங்கிக்கொள்ள திவாகருக்கு மனம் வரவில்லை.

"ஆமாடா. ஆயிட்டேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.